விசில் மாமா ஒருக்கா சிரிச்சது

ஆமாங்க தம்பி, அந்தப் பாட்டுல வர்றது நாந்தானுங்க. ஏறுனதுலருந்து நீங்க திரும்பித் திரும்பிப் பாத்தப்பவே நெனச்சனுங்க, இவுரும் கேக்கப் போறாருன்னு. கேட்டுப்போட்டீங்க. இப்படி இக்கட்டால வந்து உக்காருங்க. அந்தச் சீட்டுல எறங்குற வரைக்கும் வெயிலடிக்கும்.

செல்பி வேண்டாமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க, சலிச்சுப் போச்சு. பஸ் ஸ்டாண்டுல மனுசன் வேலையப் பாக்க முடியறதில்ல. காலேஜ் புள்ளைங்க, மில்லுக்குப் போற பொம்பளைங்க, அன்னைக்கு ஒரு போலீஸ்காரரு கூட வந்து தோள்ல கையப் போட்டு எடுத்துட்டுப் போனாரு. நான் எல்லாருக்கும் நிக்கறதில்லீங்க. கேக்கறவங்களுக்கு மட்டுந்தான். பள்ளிக்கூடத்துல ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கக் கூப்பிட்டாங்க, அதுக்கும் வேண்டா வெறுப்பாத்தான் போனேன். சரி, நீங்களும் ஆசையாப் போனக் கையில எடுத்துட்டீங்க, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கங்க. அந்தப் பக்கம் வேண்டாம், இந்தப் பக்கம். பாட்டுல எனக்கு இந்தப் பக்கந்தான் நல்லா வந்திருக்குதுன்னு சொல்றாங்க.

எடுத்தாச்சுங்களா? பாருங்க, உம்முனுதான் இருக்கும். எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க. "பாட்டுல அப்படிச் சிரிச்சீங்க, எங்க போட்டோவுல ஏன் இப்படி?"ன்னு. என்ற மூஞ்சியே அப்படித்தானுங்க. பாட்டுல வர்ற அந்த ஒரு சிரிப்புதான் என்ற குடும்பத்தையே கலைச்சுப் போட்டுச்சு.

நீங்க எங்கீங்க போறீங்க? புதூரா? நானும் கடைசி ஸ்டாப்புத்தான். என்ற ஊட்டுக்காரி அங்க அவ தம்பி ஊட்ல இருக்கறா. கூட்டிட்டு வரத்தான் போறனுங்க. வருவாளான்னு தெரியல.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. பேரச் சொன்னா இப்ப ஆருக்கும் தெரியறதில்ல, விசில் மாமான்னாத்தான் தெரியுது. தாராபுரம் ஸ்டாண்டுல தனியார் பஸ்ஸுங்களுக்கு டைம் கீப்பரு. பஸ்ஸு எப்ப உள்ள வருது, எப்ப வெளிய போகோணும்னு பாக்கற வேலை. நேரமாச்சுன்னா விசிலு. டிரைவரு வாயில வடை இருந்தாலும் விசிலு. ஒருத்தன் நின்னு நின்னு ஆளேத்துனா பின்னால வர்றவன் வயித்துல அடிச்ச மாதிரிங்களே. அந்த வேலைக்குச் சிரிச்ச மூஞ்சி ஆகாதுங்க. சிரிச்சீங்கன்னா "அண்ணே, ஒரு நிமிசம்ணே"ம்பான். எடங் குடுத்தா மடத்தப் புடுங்குற ஆளுங்க.

ஒருக்கா எங்க ஊட்டுக்காரியே ஓடியாந்தா. துளசிமணிங்க அவ பேரு. கைப்புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு, ஒரு கையில பையத் தூக்கிட்டு, அவங்க ஊருக்குப் போற பஸ்ஸப் புடிக்கோணும்னு. பஸ்ஸு கெளம்பற நேரம். டிரைவரு என்னையப் பாக்கறான், "அண்ணி வராங்கண்ணே"ங்கறான். நான் ஊதிட்டனுங்க. பொண்டாட்டிக்கு நிறுத்துனா நாளைக்கு ஊரே நிறுத்தச் சொல்லும். பஸ்ஸு போயிருச்சு. அவ அடுத்த பஸ்ஸு வர்ற வரைக்கும் தூணோரமாப் புள்ளைய வெச்சுக்கிட்டு கம்முனு நின்னா. அத்தன தங்கமான கொணம். அந்த வருசந்தான் பஸ் முதலாளிங்க சங்கத்துல எனக்குச் சால்வை போத்துனாங்க, நேர்மையான ஆளுன்னு. இன்னும் பீரோவுல இருக்குது.

இந்த டிரைவரப் பாருங்க, எருமை மேய்க்கற மாதிரி ஓட்டிட்டுப் போறான். என்ற கையில மாட்டட்டும்.

மார்கழிலதான் அந்தப் புள்ளைங்க வந்தாங்க. மெட்ராஸ்ல நாலு பொண்ணுங்க சேந்து காரசாரம்னு பேரு வெச்சுப் பாடறாங்க. சினிமா இல்லீங்க, தனிப் பாட்டு. போன்லயே பாட்டும் ஆட்டமுமா பாக்கறது. கதை என்னன்னா, பஸ் ஸ்டாண்டுல ஒரு கடுகடுத்த டைம் கீப்பரு. இந்த நாலும் அவரச் சுத்தி வந்து, கண்ணடிச்சு, வம்பிழுத்து, ஒருக்காவாச்சும் சிரிக்க வெக்கப் பாக்குது. அவ்வளவுதான். அதுக்குன்னு ஒரு நடிகரக் கூட்டியாந்தாங்க. அந்தாளு வழியில என்னத்தத் தின்னாரோ, வயித்தால போயி ரூம்லயே படுத்துட்டாரு.

டைரக்டரு ஒரு தாடிக்காரப் பையன். மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கறான். அப்பப் பாத்து நான் ஒரு டிரைவரப் புடிச்சு நாறடிச்சுட்டிருக்கறேன். அவன் என்னையவே பாக்கறான். பக்கத்துல வந்து, "சார், நீங்க நடிக்க வேண்டாம். இப்படியே நில்லுங்க, அது போதும்"ங்கறான். நான் முடியாதுன்னுட்டேன். எங்க சங்கத் தலைவருதான், "நம்ம ஸ்டாண்டு நாலு பேருக்குத் தெரியட்டும் நாச்சிமுத்து, நில்லுப்பா"ன்னாரு. நின்னனுங்க. வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள உட்டுக்கிட்ட கதை.

பாட்டப் போடட்டுங்களா? பாத்திருப்பீங்க, இருந்தாலும் நான் பக்கத்துல இருந்து சொன்னாத்தான் வெவரம் தெரியும். சார்ஜு கொஞ்சந்தான் கெடக்குது. பரவால்ல, ஒருக்காத்தான.

"விசிலு மாமா விசிலு மாமா
வெரட்ட வேணாம் மாமா
பஸ்ஸு போனாப் போகட்டும்
பல்லக் காட்டு மாமா"

கேட்டீங்களா பாட்ட? பஸ்ஸு போனாப் போகட்டுமாம். எவன் எழுதுனானோ. இந்தாங்க, செவப்புத் தாவணி போட்டிருக்குதே, இது பேரு நேத்ரா. நாலுலயும் இதுதான் மருவாதி தெரிஞ்ச புள்ளை. இந்தக் கட்டை முடி இருக்குது பாருங்க, இது என்ற கழுத்துலருந்து விசிலப் புடுங்கிட்டு ஓடும். இப்ப. ஓடிருச்சா? அது என்ற சொந்த விசிலு. நாங்கூட அப்பறம் வெந்நீல போட்டுக் கழுவித்தான் ஊதுனேன். இது ரெண்டும் பஸ்ஸுக்குப் பின்னால ஏணில தொங்கிக்கிட்டுக் கண்ணடிக்குது. இத்தனைக்கும் என்ற மூஞ்சியப் பாருங்க. கல்லு. நடிப்பே இல்லீங்க, அந்த நேரத்துல கரூர் பஸ்ஸு லேட்டு, எனக்கு அதுதான் கவலை.

வருது வருது, இப்பப் பாருங்க. இந்தா. பாத்தீங்களா? அட, மாடு குறுக்க வந்துச்சுன்னு நீங்க வெளிய பாத்துட்டீங்க. மறுக்காப் போடறேன், கடைசி மட்டும். இந்தா. இதுதான்.

அந்தச் சிரிப்பு வர்றதுக்கு அன்னைக்குப் பட்ட பாடு இருக்குதே! மத்த எல்லாம் மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுருச்சு. சிரிப்பு மட்டும் வரல. "சார், சிரிங்க"ங்கறான். பல்லக் காட்டறேன். "சார், பல் டாக்டர்கிட்டக் காட்டற மாதிரி இருக்குது"ங்கறான். ஒரு பையன் பின்னால வந்து கிச்சுக்கிச்சு மூட்டறான், அவன ஒண்ணு வெச்சேன். அந்தப் புள்ளைங்க கொரங்கு சேட்டையெல்லாம் பண்ணிப் பாத்துச்சுங்க. ஸ்டாண்டே நின்னு வேடிக்கை பாக்குது. கல்லுல நார் உரிக்க முடியுங்களா?

அப்பத்தான் நேத்ரா பக்கத்துல வந்துச்சு. "அங்கிள், இவங்க யாரையும் பாக்காதீங்க. உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு விசயம் இருக்குமில்ல, நெனச்சாலே சிரிப்பு வர்ற மாதிரி? எங்க யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். மனசுக்குள்ள நெனச்சுக்குங்க, போதும்"னுச்சு. நெனச்சனுங்க. என்னமோ வந்துருச்சு. தாடிக்காரன் "கட்"னு சொன்னதும் எல்லாரும் கை தட்டறாங்க. கரூர் பஸ்ஸும் உள்ள வந்துச்சு. நான் விசில எடுத்துட்டுப் போயிட்டேன். அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

பொங்கலுக்குப் பாட்டு வந்துச்சு. எங்க பொண்ணு பிரவீணா கோயமுத்தூர்ல வேலைல இருக்குது, நோம்பிக்கு வந்தவ டிவியிலயே போட்டுக் காட்டுனா. ஒரம்பரை, சொந்தக்காரச் சனமெல்லாம் ஊட்ல இருந்தாங்க. ஒரே சிரிப்பு. பக்கத்து ஊட்டுக்காரரு வாய்ல கரும்போட உருண்டு பெரண்டு சிரிக்கறாரு. துளசிமணி அடுப்படில இருந்தா, கையத் தொடச்சுக்கிட்டு வந்து நின்னு பாத்தா. அவளும் சிரிச்சுட்டுத்தான் இருந்தா. கடைசில என்ற சிரிப்பு வந்துச்சுங்களா, அவ மூஞ்சி அப்படியே நின்னு போச்சு. "சாமி, இன்னொருக்காப் போடு"ன்னு பிரவீணாகிட்டச் சொன்னா. போட்டா. "அங்க நிறுத்து"ன்னா. நிறுத்துனா.

டிவியில நான் பெருசாச் சிரிச்சுட்டு நிக்கறேன். இவ அதப் பாக்கறா. அப்பறம் என்னையப் பாத்தா. அப்பறம் மறுக்கா டிவியப் பாத்தா. பொங்கல் பொங்கி அடுப்புல வழியறது கூட அவளுக்குத் தெரியல.

ஒண்ணுதானுங்க கேட்டா. எல்லாரும் போன பொறவு, பாத்திரங் கழுவிக்கிட்டே கேட்டா. "இந்தச் சிரிப்ப எங்க வெச்சிருந்தீங்க?"

எனக்குப் புரிஞ்சு போச்சு. பொம்பளைங்க நேராக் கேக்க மாட்டாங்க, சுத்தி வளைச்சுத்தான் கேப்பாங்க. அந்த நாலு புள்ளைங்கள்ல எது மேலயோ எனக்கு ஒரு இதுன்னு நெனச்சுப்போட்டா. இத்தன வருசத்துல சந்தேகம்னு ஒரு வார்த்தை அவ வாயில வந்ததில்லீங்க. அன்னைலருந்து அவ என்னைய மாமான்னு கூப்புடறதையே உட்டுட்டா. "ஏனுங்க"ன்னு மொட்டையாக் கூப்புடறா, ஊரே என்னைய மாமாங்குது, அவ மட்டும் கூப்புட மாட்டேங்கறா.

நானும் சும்மா இல்லீங்க. மடியில கனமில்ல, வழியில எதுக்குப் பயம்னு கருப்பராயன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி, சூடத்தப் பத்த வெச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணுனேன். அந்தப் புள்ளைங்க விரல் கூட என் மேல பட்டதில்ல, பாட்டுல பட்ட மாதிரி தெரியறது கேமரா வேலைன்னு. அவ "நான் அதக் கேட்டனுங்களா?"ன்னா. கேட்டுட்டுத் திருநீற எடுத்து எனக்கும் வெச்சு உட்டு, முன்னால நடந்து போயிட்டா. பாருங்க, சாமி முன்னால பண்ணுன சத்தியத்தையே நம்பலீன்னா நான் வேற எங்க போறது?

பிரவீணா போன்ல சொல்றா, "அப்பா, அம்மா உங்க மேல சந்தேகமெல்லாம் படல"ன்னு. அப்பறம் எதுக்குச் சாமி இப்படி இருக்கறா உங்கம்மான்னு கேட்டா, "அதை நீங்கதான் யோசிக்கணும்"ங்கறா. படிச்ச புள்ளை, ஆனா உலகம் தெரியல.

சேலை எடுத்துக் குடுத்தேன். "இதெதுக்கு இப்ப?"ன்னு அப்படியே பீரோவுல வெச்சுட்டா. ஒரு நாளு மத்தியானம் சாப்பாட்டுக்குப் போறேன், எங்க கல்யாண ஆல்பத்தப் பரப்பி வெச்சுட்டு உக்காந்திருக்கறா. ஒவ்வொரு போட்டோவாக் கண்ணுகிட்டக் கொண்டு போயிப் பாக்கறா. நான் சேலை பார்டரு எதையாச்சும் பாக்கறாளாட்டிருக்குதுன்னு நெனச்சுட்டுச் சோத்தப் போட்டுத் தின்னுட்டு வந்துட்டேன். சாயந்தரம் போறப்பவும் பொண்ணு காது குத்துன போட்டோ, பொண்ணு சடங்கு போட்டோ எல்லாத்தையும் எடுத்து வெச்சிருக்கறா. என்னத்தடி தேடறன்னு கேட்டேன். "கெடைக்கலீங்க"ன்னா. என்னன்னு சொன்னாத்தான நானும் தேடறதுக்கு?

அதுக்கு மேலதான் அந்த ஸ்டுடியோ விசயம். அவளா வந்து, "வாங்க, நம்ம ரெண்டு பேரும் போயி ஒரு போட்டோ எடுத்துட்டு வரலாம்"ன்னா. எனக்கு நிம்மதி. கோவந் தீந்துருச்சுடா சாமின்னு சவரம் பண்ணிட்டு, இந்தச் சட்டைதான், போட்டுட்டுப் போனேன். அவ நான் எடுத்துக் குடுத்த சேலையக் கட்டியிருந்தா, தலையில பூ வெச்சிருந்தா. ஸ்டுடியோக்காரப் பையன் பாத்ததும், "அட, நம்ம விசில் மாமா! அண்ணே, அந்தச் சிரிப்பு ஒண்ண உடுங்க, ஜம்முனு எடுத்துரலாம்"ங்கறான்.

வரலீங்க தம்பி.

எத்தனையோ பண்ணிப் பாத்தேன். வாயக் கோணுனேன். அவன் ஜோக்குச் சொல்றான். லைட்டு மூஞ்சியில அடிக்குது, வேர்த்து வழியுது, துளசிமணி பக்கத்துல உக்காந்து என்னைய ஓரக்கண்ணுல பாத்துக்கிட்டே இருக்கறா. எனக்கு மூஞ்சி இன்னும் கடுத்துப் போச்சு. "சீக்கரம் எடுப்பா, ஸ்டாண்டுல பஸ்ஸு நிக்குது"ன்னு ஒரு சத்தம் போட்டேன். அந்தப் பையன், "பாட்டுல அந்தப் பொண்ணுங்களுக்கு மட்டும் வருது, அண்ணியப் பாத்தா வராதாண்ணே"ன்னு லொள்ளுக்குக் கேட்டான். அவ எந்திரிச்சுட்டா. "உடுங்க தம்பி. அது எங்களுக்கு வராது"ன்னா.

சிரிச்ச மாதிரிதான் சொன்னா. வர்ற வழியில பூவத் தலையிலருந்து எடுத்துப் பைக்குள்ள போட்டுட்டா. நான் வெயிலுக்குன்னு நெனச்சேன்.

மக்யா நாளே, விடிஞ்சதும், "தம்பி ஊட்ல மாடு கன்னு போட்டிருக்குது, ஒத்தாசைக்கு ஆளில்ல, போயி கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்"ன்னு கெளம்பிட்டா. நானே பஸ்ஸேத்தி உட்டேன். தை போயி மாசியே முடியப் போகுது. எந்த ஊருலீங்க ஒரு கன்னுக்குட்டிக்கு இத்தன நாள் ஒத்தாசை? அவ தம்பி மயில்சாமிக்குப் போன் பண்ணுனா, "இருக்கட்டும் மாமா, அக்கா இங்க நல்லாத்தான் இருக்குது"ங்கறான். நல்லா இருக்குதாமா. இங்க நான் ரெண்டு வேளை ஓட்டல்ல தின்னுட்டு, போயிக் கதவத் தொறந்தா ஊடு அப்படியே வெறிச்சுன்னு கெடக்குது. ஸ்டாண்டுல இருக்கற வரைக்கும் தெரியறதில்லீங்க. ஊட்டுக்குள்ள போனாத்தான். முந்தியும் நான் ஒண்ணும் அவகூடப் பேசிட்டு இருந்தவன் இல்ல, சோத்தத் தின்னா படுத்துருவேன். ஆனாலும் அடுப்படில பாத்திரம் உருள்ற சத்தங் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வருது. அது இப்பத்தான் தெரியுது.

அவ இல்லாம எனக்கு முடியலீங்க. ஆருகிட்டச் சொல்றது. ஸ்டாண்டுல சொன்னா சிரிப்பானுங்க.

அதனால இன்னைக்கு ஏற்பாடாத்தான் வந்திருக்கறேன். சும்மா போனா ஆகாதுங்க, சாட்சி வேணும். நேத்ரா புள்ளைகிட்ட நம்பர் வாங்கி, வெக்கத்த உட்டுக் கேட்டு, ஒரு வீடியோ பேசி அனுப்பச் சொன்னேன். பாவம், அடுத்த நாளே அனுப்பிருச்சு. இந்தப் போன்லதான் இருக்குது. "ஆன்ட்டி வணக்கம், அங்கிள் எங்களுக்கு அப்பா மாதிரி, அவர் எங்க யாரையும் நிமிந்து கூடப் பாக்கல"ன்னு நல்லாச் சொல்லியிருக்குது. கடைசிலதான் கொஞ்சம் கெடுத்துருச்சு. "அவர் அன்னைக்கு எதை நெனச்சுச் சிரிச்சாருன்னு நாங்க எவ்வளவோ கேட்டோம் ஆன்ட்டி, சொல்லவே மாட்டேன்னுட்டார். நீங்களாவது கேளுங்க"ன்னு. அந்த எடம் வர்றப்ப மட்டும் பட்டுன்னு நிறுத்திரலாம்னு இருக்கறேன். நாலஞ்சு தடவை நிறுத்திப் பழகிட்டேன்.

எதை நெனச்சனா? நீங்களும் கேக்கறீங்க பாருங்க. அட, உடுங்க தம்பி. அது ஒண்ணுமில்ல.

இல்லீங்க, பொண்ணு விசயமெல்லாம் இல்ல. அட கெரகத்த, இவரும் அப்படியே நெனைக்கறாரே. சொல்றேன், ஆனா சிரிக்கக் கூடாது.

கல்யாணமாயி மொத விருந்துக்கு இதே புதூருக்கு வந்தோமுங்க. இதே ரோடு. நாலஞ்சு நாளாச்சு, துளசிமணி என்கூட ஒரு வார்த்தை பேசல. எதைக் கேட்டாலும் மண்டைய ஆட்டறதுதான். எனக்குள்ள ஒரே ரோசனை, நம்மளப் புடிக்காம கட்டி வெச்சுட்டாங்களோன்னு. பஸ்ஸுல உக்காந்ததும் அவ தூங்கிட்டா. கல்யாண அசதி. தலை அப்படியே சாஞ்சு என்ற தோள்ல வந்துருச்சு. நான் அசையல. அவங்கப்பா எடுத்துக் குடுத்த புதுச் சட்டை, வெள்ளை. இவ வாயத் தொறந்து தூங்கறா, எச்சி ஒழுகி ஒழுகி என்ற தோள்பட்டை முச்சூடும் நனஞ்சு போச்சு. ஒரு குழியில பஸ்ஸு தூக்கிப் போட்டுச்சு, முழிச்சுட்டா. சட்டையப் பாத்தா. என்ற மூஞ்சியப் பாத்தா. முந்தானைல தொடைக்கறா, தொடைக்கறா, போகல. அப்பறம் நிமிந்து என்னையப் பாத்து, பெரிய மனுசியாட்ட, "காத்துக்குக் காஞ்சுருமுங்க"ன்னா.

அதானுங்க அவ எங்கிட்டப் பேசுன மொத வார்த்தை. "காத்துக்குக் காஞ்சுருமுங்க." சொல்லிப்போட்டு எந்திரிச்சு, எக்கி, பஸ்ஸு ஜன்னல இழுத்து மேல தூக்கி உட்டா, காத்து நல்லா வரட்டும்னு. எறங்கற வரைக்கும் காஞ்சுதா காஞ்சுதான்னு தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே வந்தா.

என்னுங்க தம்பி, என்ற மூஞ்சியவே அப்படிப் பாக்கறீங்க? நானா? நான் எங்கீங்க சிரிச்சேன்?

அன்னைக்கெல்லாம் சிரிக்கலீங்க. முன்னால பின்னால அவங்க சனம் உக்காந்திருந்தாங்க, புது மாப்பிள்ளை பல்லக் காட்டுனா மருவாதி இருக்காது. நேராப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அதத்தான் அன்னைக்கு ஷூட்டிங்குல நெனச்சது. அவ்வளவுதான் விசயம்.

அவகிட்டச் சொல்றதா? சீ, என்னுங்க நீங்க! இத்தன வருசங் கழிச்சு, நீ எச்சி ஒழுக்குனத நெனச்சுத்தான் ஊரு பாக்கச் சிரிச்சேன்னு சொல்லச் சொல்றீங்களா? ஏற்கெனவே நொந்து போயிருக்கறா, அவளக் கேவலப்படுத்துன மாதிரி ஆயிராதா? அதுவுமில்லாம அதெல்லாம் ஆம்பள வாய்ல சொல்ற பேச்சுங்களா? நீங்க சின்ன வயசு, கல்யாணமாகல போல இருக்குது. அதான் இப்படி ரோசனை சொல்றீங்க. சாட்சி இருக்கறப்ப அதெதுக்கு?

வந்துருச்சுங்க, அந்த வேப்ப மரத்துக்கு அக்கட்டால திரும்புனா பால் சொசைட்டி, அதுதான் ஸ்டாப்பு. இந்த மினி பஸ்ஸு சித்த நேரந்தான் நிக்கும், அப்படியே திரும்பி தாராபுரம். உட்டா அப்பறம் இருட்டுக் கட்டித்தான் வரும்.

அட.

அவதானுங்க. அந்தாங்க, சொசைட்டி வாசல்ல பால் ஊத்தற தூக்குப்போசியோட நிக்கறாளே, கத்திரிப்பூக் கலர் சேலை. எளைச்சிருக்கறா பாருங்க. பஸ்ஸப் பாக்கல, அக்கட்டால திரும்பி நிக்கறா. ஊட்டுக்குப் போயி உக்காந்து பேசலாம்னு இருந்தேன், இங்கயே நிக்கறாளே. பரவால்ல, நேத்ரா வீடியோவ மொதல்ல போட்டுட்டு, அப்பறம் மத்ததப் பேசிக்கலாம்.

என்னுங்க இது, போனு கருப்பா இருக்குது? அமுக்கறேன், வர மாட்டேங்குது. சார்ஜு. அட கெரகமே, அந்தக் கெரகம் புடிச்ச பாட்ட உங்களுக்கு ரெண்டு தடவை போட்டனே! உங்ககிட்டச் சார்ஜர் ஒயரு… பஸ்ஸுல எங்க குத்தறது. சரி உடுங்க.

இப்ப என்னத்தச் சொல்றதுங்க? சத்தியம் பண்ணியாச்சு, சேலை குடுத்தாச்சு, சாட்சியும் போச்சு. நீங்க சொன்னீங்களே, அது ஒண்ணுதான் மிச்சமிருக்குது. அதச் சொன்னா அந்தத் தூக்குப்போசியாலயே ஒண்ணு வெப்பா. வெக்கட்டும். வெச்சுட்டுப் பஸ்ஸேறுனாச் சரி.

எறங்குங்க, நீங்க முன்னால எறங்குங்க. இல்ல, இருங்க, நானே மொதல்ல எறங்கறேன், அவ உள்ள போயிருவா.

கண்டக்டரு தம்பி. கண்ணு, இங்க பாரு. சித்த நிறுத்தி வெய்யி. தெரியுஞ் சாமி, டைமாச்சுன்னு எனக்குத் தெரியாதா? என்ற ஊட்டுக்காரி வரோணும். பேசிக் கூட்டிட்டு வரோணும், எத்தன நேரமாகும்னு தெரியல. ஸ்டாண்டுல ஆராச்சும் கேட்டா நாச்சிமுத்துதான் நிறுத்தச் சொன்னான்னு சொல்லிரு, நான் பாத்துக்கறேன். டிரைவரு அவசரப்பட்டா நீ ஏதாச்சும் சொல்லி நிறுத்து. விசில் மட்டும் ஊதிராத சாமி.